தோல் டிரம்மும் நானோ மருந்தும்

நானோ மருத்துவம் படிக்க வரும் முதுநிலை மாணவர்களுக்கு முதல் வகுப்பில் எதைக் காட்டலாம்? இணையத்தில் நான் கேட்ட விரிவுரைகளில் பல, ரத்தக்குழாய்க்குள் நீந்திப் போகும் குட்டி ரோபோ படத்தோடுதான் ஆரம்பிக்கின்றன. விரிஞ்சிபுரத்தில் உட்கார்ந்து யோசிக்கிறவனுக்கு வேறு ரெண்டு பொருள் தோணுது. ஒன்று, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கிற அயர்ன் சுக்ரோஸ் ஆம்பூல். இன்னொன்று, ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் சுற்றும் டிரம்.

ரோபோவை முதலில் பார்த்துவிடுவோம், ஏன்னா அது பொய் இல்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் அம்பரீஷ் கோஷ் குழு செய்வது அதைத்தான். ஒரு தகட்டைச் சுழற்றிக்கொண்டே சிலிக்கா ஆவியைச் சாய்வாகப் படிய விட்டால், கார்க் திருகு மாதிரி நுண்ணிய சுருள்கள் வளரும். அதில் இரும்பைப் பூசி, வெளியிலிருந்து சுழலும் காந்தப்புலம் கொடுத்தால் திருகித் திருகி முன்னே போகும். 2022ல் இவர்கள் பல்லின் நுண்குழாய்களுக்குள் 2,000 மைக்ரோமீட்டர், அதாவது 2 மில்லிமீட்டர், ஆழம் வரை இவற்றை அனுப்பி, சூடாக்கி, பாக்டீரியாவைக் கொன்று காட்டினார்கள்.

ஏன் திருகு வடிவம்? மீன் மாதிரி வாலாட்டினால் ஆகாதா? இதுக்கு எட்வர்ட் பர்செல் 1976ல் ஆற்றிய ஓர் உரையில் பதில் இருக்கு. அந்த அளவில் தண்ணீர் தேன்பாகு மாதிரி. ஒரு பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால் ஒரு அணுவின் அகலம்கூட நகராமல் நின்னுடும். அங்கே முன்னும் பின்னும் ஒரே மாதிரி அசைத்தால், போன தூரமே திரும்பி வரும், புறப்பட்ட இடத்திலேயே நிற்கலாம். சுருள்தான் வழி. பாக்டீரியாவும் அதைத்தான் செய்கிறது.

சரி, இப்போது ஆம்பூலுக்கு வருவோம். ரத்தசோகை உள்ள கர்ப்பிணிகளுக்கு நம்ம ஊர் சுகாதார நிலையங்களில் சலைனில் கலந்து ஏற்றுகிற கரும்பழுப்பு மருந்து. அது வெறும் இரும்பு உப்பு கரைந்த தண்ணீர் இல்லை. நடுவில் இரும்பு ஆக்சிஹைட்ராக்சைடு கரு, அதைச் சுற்றி சர்க்கரை உறை, எல்லாம் சேர்த்துச் சுமார் 10 நானோமீட்டர். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை இரும்பு மருந்துகளை நானோ கூழ்மங்கள் என்றே வகைப்படுத்துகிறது. நம் சித்தி மகளுக்கோ பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கோ ஏற்றப்பட்டது நானோ மருந்து என்று யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

ஏன் துகளாகக் கொடுக்கணும்? தனி இரும்பு அயனியாக ரத்தத்தில் அவ்வளவையும் கலந்தால் அது விஷம். துகளாக இருந்தால், கல்லீரலிலும் மண்ணீரலிலும் இருக்கும் மேக்ரோபேஜ் எனும் விழுங்கும் செல்கள் அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கின்றன. பழைய சிவப்பணுக்களை உடைத்து இரும்பை மீட்பது அவற்றின் அன்றாட வேலை. அதே வழியில் இந்த இரும்பும் மெதுவாக வெளிவந்து, டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது.

இப்போது புற்றுநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1995ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாக்சில், டாக்சோரூபிசினைச் சுமார் 100 நானோமீட்டர் கொழுப்புக் குமிழுக்குள் அடைத்தது. இங்கே அதே மேக்ரோபேஜ்தான் எதிரி. அது விழுங்கிவிடாமல் இருக்க, குமிழின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் இழைகளைப் புல் மாதிரி நட்டார்கள். ஒரே செல், ஒரு மருந்துக்கு அதுதான் போய்ச் சேரும் இடம், இன்னொன்றுக்கு வழிப்பறிக்காரன். துகளை எப்படிச் செய்வது என்று ஒரு செமஸ்டர் முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டு, உடம்பு அதை என்ன செய்யும் என்பதை ஒரு வாரத்தில் முடித்தால், மாணவருக்குப் பாதிப் பாடம் போச்சு.

டொரன்டோவில் வாரன் சான் குழு 2016ல் பத்து ஆண்டு ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டது. ஊசி வழியே கொடுத்த நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பெரும்பாலும் விலங்குச் சோதனைகள்தான், கணக்கிட்ட முறை பற்றி விவாதமும் நடந்தது. ஆனாலும் முதல் வகுப்பில் கரும்பலகையில் எழுதவேண்டிய எண் இது என்பேன்.

போய்ச் சேர்ந்த கொஞ்சமும் கட்டி முழுக்கப் பரவுமா? இங்கேதான் எனக்குத் தோல் டிரம் ஞாபகம் வருகிறது. தோல் என்பது கொலாஜன். ஒரு மூலக்கூறு சுமார் 300 நானோமீட்டர் நீளம், 1.5 நானோமீட்டர் தடிமன், மூன்று இழை முறுக்கிய கயிறு. அந்த மூவிழை அமைப்பைச் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954ல் முன்வைத்தார்கள். குரோம் பதனிடுதல் என்பது இந்தக் கயிறுகளுக்கு நடுவே குரோமியத்தை நுழைத்துப் பிணைக்கும் வேலை. எடுத்த எடுப்பில் பிணைக்க விட்டால் மேல் பக்கமும் கீழ் பக்கமும் நீலமாகி, நடுவில் பச்சைத் தோலாகவே நிற்கும். அதனால்தான் முதலில் பிக்கிள்: அமிலமும் உப்பும் போட்டு பி.ஹெச். மூன்றுக்குப் பக்கத்தில் இறக்குகிறார்கள். அந்த நிலையில் குரோமியம் ஒட்டாமல் உள்ளே ஊடுருவும். கழுத்துப் பக்கம் தடிமனான இடத்தில் வெட்டி, நடுவரை நீலம் இறங்கியதைப் பார்த்த பிறகுதான் சோடா உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பி.ஹெச். ஏற்றிப் பிடிக்க வைப்பது. கடைசியில் ஒரு துண்டைக் கொதிக்கிற தண்ணீரில் போடுவார்கள். சுருங்கினால் இன்னும் ஆகலை.

கட்டிக்குள் மருந்து போவதிலும் இதே சிக்கல்தான். ரொம்ப இறுக்கமாக ஒட்டும் ஆன்டிபாடியை மருந்தில் கட்டி அனுப்பினால், ரத்தக்குழாயைத் தாண்டியதும் எதிர்ப்படும் முதல் செல்களிலேயே அது ஒட்டிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற செல்களுக்கு ஒன்றும் வருவதில்லை. கட்டியைச் சுற்றி இருக்கும் தடுப்பிலும் பெரும்பங்கு அதே கொலாஜன். ஒட்டும் திறனைக் கூட்டுவது எப்போதும் நல்லது என்று நினைக்கும் மாணவரை ஒரு நாள் டிரம் பக்கத்தில் நிறுத்தினால் போதும், மேஸ்திரி விளக்கிவிடுவார்.

இந்த வழித்தொல்லையை ஒதுக்கிவிட்டுப் போகும் உபாயமும் நம்ம ஊரிலேயே நடந்தது. சிஎம்சியில் ஹீமோஃபிலியா ஏ நோயாளிகள் ஐந்து பேருக்குக் கொடுத்த மரபணு சிகிச்சையின் முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. மரபணுவைச் சுமந்தது லென்டிவைரஸ், சுமார் 100 நானோமீட்டர். அதை ரத்தத்தில் விட்டு வழி தேடச் சொல்லவில்லை. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, பாத்திரத்தில் வைத்து மரபணுவை ஏற்றி, திருப்பிச் செலுத்தினார்கள். சிகிச்சைக்குப் பின் கண்காணித்த காலத்தில் ஐந்து பேருக்கும் ரத்தக்கசிவு வரவில்லை.

ஆகவே என் வாதம், பொறியியல் மாணவரை வார்டுக்கு அனுப்பணும் என்பது. இது புது யோசனை இல்லை. சென்னை ஐஐடி, சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரை திருநாள் கழகம் மூன்றும் சேர்ந்து நடத்தும் கிளினிகல் எஞ்சினியரிங் எம்.டெக். படிப்பில் மாணவர்கள் மருத்துவமனையிலும் நாட்களைக் கழிக்கிறார்கள். செய்முறைப் பக்கத்துக்கும் ஏற்பாடு உண்டு. தங்கள் கல்லூரியில் கிளீன்ரூம் இல்லாத மாணவர்கள் இந்திய அறிவியல் கழகத்திலும் மும்பை ஐஐடியிலும் போய்ச் செய்து பழக 2008லிருந்து ஐஎன்யூபி என்ற மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது. முதலாவது வகை வாய்ப்புதான் குறைவு.

வார்டில் என்ன தெரியும்? டாக்சில் ஏற்றிய சிலருக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து தோல் உரியும். குமிழ் ரத்தத்தில் நாட்கணக்கில் சுற்றுவதால் மருந்து தோலிலும் கசிகிறது. ரத்தத்தில் அதிக நேரம் நிற்பது ஆய்வகக் குறிப்பேட்டில் வெற்றி. அந்தக் கையால் சாதம் பிசைந்து சாப்பிட முடியாத பாட்டியிடம் கேட்டால் வேறு கணக்கு சொல்வார்.

பாலாற்றங்கரையில் இருந்துகொண்டு இன்னொன்றையும் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லாமல் இருக்க முடியலை. தோல் கழிவு பற்றிய வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 1996ல், தீங்கு முழுதாக நிரூபணம் ஆகும் வரை காத்திருக்கத் தேவையில்லை என்ற முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. 2019ல் மத்திய அரசு வெளியிட்ட நானோ மருந்து மதிப்பீட்டு வழிகாட்டுதலைப் படிக்கும்போது இந்தத் தீர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே பழகிய மருந்தாக இருந்தாலும் நானோ வடிவில் வரும்போது பாதுகாப்பைப் புதிதாகப் பார்க்கணும் என்று அது கேட்கிறது. ஒரே குரோமியம் மூன்று இணைதிறனில் தோலைப் பதப்படுத்தும், ஆறு இணைதிறனில் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெரிந்த ஊர்க்காரனுக்கு அதில் ஆச்சரியம் இருக்காது.