தறிப் பலகையும் காற்றுச் சாண்டரும்

நெசவாளரின் விரல் நுனியைக் காட்டிலும் நுட்பமான அளவுகோல் மரவேலைக்குக் கிடையாது. நாடா ஓடும் பலகையில் கண்ணுக்குப் புலப்படாத சிலும்பு ஒன்று இருப்பினும், அது பாவு இழையைப் பற்றும், இழை அறும், அறுந்த இழையை முடியும் நேரமெல்லாம் கூலியில் குறையும். எனவே மரத்தை மெருகிடும் வேலை தச்சருக்கு மட்டுமே உரிய விஷயமன்று. தறி வைத்திருப்போரும், ஏர்ப்பிடியும் மண்வெட்டிப் பிடியும் பிடித்து உழைப்போரும் ஆகிய நம் அங்கத்தினர் யாவருக்கும் உரியதே.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சரகத்திலுள்ள நெசவாளர் சங்கமொன்று, தச்சுத் தொழிலாளர் சங்கமொன்றிடம் வாங்கிய தறிப் பலகைகளில் ஒரு பகுதியைச் சொரசொரப்பென்று திருப்பியனுப்பியது. பலகைகளைக் கொடுத்த சங்கம் சிறியது. ஒரே வாடிக்கையாளரை இழந்தாலும் தாங்காது. அதன் நிர்வாக சபையார் கூடி, காற்றால் இயங்கும் ஆர்பிட்டல் சாண்டர்கள் இரண்டு வாங்குவதெனத் தீர்மானித்தனர். மூன்று விலைப்புள்ளிகள் பெற்றனர். குறைந்த விலையை ஏற்றனர். தீர்மானம் நம் பார்வைக்கு வந்தது. விதிகளின்படி யாவும் செம்மையாக இருந்தமையால் நாமும் பரிந்துரை செய்தோம்.

ஆறு மாதம் கழித்துப் பார்வையிடச் சென்றபோது இரண்டு யந்திரங்களும் பெட்டியிலேயே இருந்தன. காரியதரிசி தலை குனிந்து நின்றார். “ஒரு நிமிஷம் ஓடுதுங்க ஐயா, அப்புறம் இளைச்சுப் போகுது” என்றார் மூத்த தச்சர். குற்றம் அவர்களுடையது மட்டுமன்று. விலைப்புள்ளிகளைச் சரிபார்த்த நாம், யந்திரத்துடன் வந்த விவரத்தாளை வாசித்தோமில்லை. அன்று கற்ற பாடத்தையே இங்கு அங்கத்தினர்முன் வைக்கின்றோம்.

யந்திரம் வேலை செய்யும் விதம்

சாண்டரின் அடியில் வட்டமான மெத்தை ஒன்று உண்டு. அதன்மேல் உப்புத்தாளை ஒட்டுகின்றோம். மெத்தை அச்சின் நடுவில் பொருத்தப்படாமல் சற்று விலகிப் பொருத்தப்பட்டிருக்கும். ஆகையால் அது சிறு சிறு வட்டங்களாக ஆடிக்கொண்டே தானும் சுழலும். இவ்விரு அசைவுகளும் சேர்வதால் உப்புத்தாளின் ஒரு மணல் பரல் சென்ற வழியே மீண்டும் செல்வதில்லை. கீறல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு மறைகின்றன. சுழலாமல் ஆடுவது மட்டுமே செய்யும் வகையும் உண்டு. அது மூலைகளுக்கு உகந்தது. ஆனால் வேலை மெதுவாக நடக்கும்.

ஆட்டத்தின் அளவைப் பார்த்து வாங்குவது முதல் விதி. 5 மில்லிமீட்டர் ஆட்டம் பொதுவேலைக்கு ஏற்றது. 8 முதல் 10 மில்லிமீட்டர் ஆட்டம் பழைய வர்ணத்தையும் மேட்டையும் விரைவில் நீக்கும். ஆனால் கீறல் பெரிதாக விழும். இறுதி மெருகுக்கு 2.5 மில்லிமீட்டர் ஆட்டமே சிறந்தது. ஒரே யந்திரம் வாங்கத்தான் வசதி உண்டெனில் 5 மில்லிமீட்டர் வகையைத் தேர்ந்து, கடைசி வேலையைக் கையால் முடிப்பது நன்று. மெத்தை 5 அங்குலம் அல்லது 6 அங்குலம் குறுக்களவில் வருகிறது. குறுகிய பலகைகளுக்கு 5 அங்குலமே கைக்கு அடங்கும்.

விவரத்தாளில் சிறிய எழுத்து

சங்கத்தின் பணம் விரயமான இடம் இதுவே. காற்று யந்திரம் தானாக ஓடுவதன்று. கம்ப்ரசர் தரும் காற்றே அதன் உயிர். பெரும்பாலான சாண்டர்கள் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தத்தில் ஓடும்படி அமைந்தவை. அவ்வழுத்தம் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கையில், அதன் வாயிலில் இருக்க வேண்டும். தொட்டியின் முள் காட்டும் அழுத்தம் வேறு. குழாயின் மறுமுனையில் கிடைக்கும் அழுத்தம் வேறு.

அழுத்தத்தைவிட முக்கியமானது காற்றின் அளவு. அச்சங்கத்தின் விவரத்தாளில் “சராசரிச் செலவு நிமிடத்துக்கு 4 கன அடி” என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே சிறிய எழுத்தில் “தொடர்ந்து ஓடினால் 16 கன அடி” என்றிருந்தது. கால் பங்கு நேரம் ஓடி, முக்கால் பங்கு நேரம் ஓய்வதாகக் கொண்டு கணக்கிட்டதே அந்தச் சராசரி. பலகை தேய்ப்பவர் அவ்வாறு ஓய்வதில்லை.

சங்கத்திலிருந்த கம்ப்ரசர் 2 குதிரைசக்தி உடையது. வார்னிஷ் தெளிப்பதற்காக வாங்கியது. 90 பவுண்டு அழுத்தத்தில் ஒரு குதிரைசக்திக்கு ஏறத்தாழ மூன்று முதல் நான்கு கன அடி கிடைக்கும் என்பது பொதுக் கணக்கு. அதன்படி அக்கம்ப்ரசர் தந்தது நிமிடத்துக்குச் சுமார் 7 கன அடி. ஒரு சாண்டர் கேட்டதோ 16. தொட்டியில் சேர்ந்திருந்த காற்று ஒரு நிமிடத்துக்குச் சற்று அதிகமாகப் பற்றாக்குறையை ஈடுகட்டியது. பிறகு யந்திரம் இளைத்தது. தச்சர் கூறியது எழுத்துக்கு எழுத்து உண்மை. சுருங்கக் கூறின், தொடர்ந்து ஓடும் ஒரு சாண்டருக்கு ஏறக்குறைய 5 குதிரைசக்திக் கம்ப்ரசர் வேண்டும். இரண்டு ஒருங்கே ஓடினால் 10 வேண்டும்.

குழாயும் கவனத்துக்குரியது. உட்புறம் கால் அங்குலமேயுள்ள நீண்ட ஓஸ் காற்றை நெரித்துவிடும். முக்கால் பங்கு அங்குலத்தின் பாதியாகிய 3/8 அங்குல உள்ளளவு உடையதைக் கொள்ளவும். இணைப்புகளின் துளையும் அதற்கு ஈடாக இருக்கட்டும்.

மின்சாரக் கணக்கு

காற்று யந்திரத்தின் நன்மைகளை மறுப்பதற்கில்லை. அது எடை குறைவு. நெடுநேரம் ஓடினாலும் எரிந்து போகும் மின்மோட்டார் அதனுள் இல்லை. நீர் தொட்டுத் தேய்க்கும் வேலையில் மின்னதிர்ச்சி அச்சம் இல்லை. மோட்டார் வண்டிக்கு வர்ணம் பூசும் பட்டறைகளில் அது நிலைபெற்றதற்கு இவையே காரணம்.

ஆயினும் செலவைப் பார்க்க வேண்டும். 5 குதிரைசக்திக் கம்ப்ரசர் முழுச் சுமையில் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 4 யூனிட் மின்சாரம் ஆகும். 300 வாட் மின்சாரச் சாண்டரோ மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடினால்தான் ஒரு யூனிட் ஆகும். காற்றை அழுத்துகையில் மின்சாரத்தின் பெரும்பகுதி வெப்பமாக வீணாவதே இவ்வேறுபாட்டின் காரணம். எனவே பெரிய கம்ப்ரசர் ஏற்கெனவே உள்ள இடத்தில் காற்றுச் சாண்டர் லாபம். அதற்கென்றே கம்ப்ரசர் வாங்க நேரும் சிறு சங்கத்துக்கு மின்சாரச் சாண்டரே போதும்.

அந்தச் சங்கம் அவ்வாறே செய்தது. 10 குதிரைசக்திக் கம்ப்ரசருடன் மரச்சாமான்களுக்கு வர்ணம் தெளித்துவந்த அண்டைச் சங்கம் ஒன்று, இரண்டு யந்திரங்களையும் பதிவேட்டு விலைக்கே ஏற்றுக்கொண்டது. அத்தொகையிலிருந்து இவர்கள் மின்சாரச் சாண்டர் ஒன்று வாங்கினர். நட்டம் பெரிதாகாமல் தப்பியதற்கு அண்டைச் சங்கத்தின் பெருந்தன்மையே காரணம்.

கையாளும் முறை

இரு வகைச் சாண்டருக்கும் கைப்பழக்கம் ஒன்றே. யந்திரத்தைப் பலகையின்மீது வைத்தபின் ஓட்டுக, எடுத்தபின் நிறுத்துக. அந்தரத்தில் முழு வேகத்தில் சுழலும் மெத்தையைப் பலகையில் இறக்கினால் வட்டக் கீறல் விழும். கையின் எடையே போதும். அழுத்தினால் வேலை விரைவாகும் என்பது தவறான எண்ணம். அழுத்தத்தால் மெத்தையின் சுழற்சி நின்று, சுருட்டைச் சுருட்டையாகக் கீறல்கள் தோன்றும். ஒரு வினாடிக்கு ஓர் அங்குலம் என்னும் நிதானத்தில் நகர்த்துக.

உப்புத்தாளை 80, 120, 180, 220 என்னும் எண் வரிசையில் மாற்றுக. இழைப்புளி நன்கு ஓடிய பலகைக்கு 120 எண்ணிலேயே தொடங்கலாம். நடுவில் தாவினால், முதல் தாளின் கீறல் பாலிஷ் பூசிய பிறகு வெளிப்பட்டு நம்மை நாணச் செய்யும். பலகைமீது பென்சிலால் மெல்லிய கோடுகள் இட்டு, அவை அழியும்வரை தேய்த்தால் எந்த இடமும் விடுபடாது. ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் தூளை நன்கு துடைத்தெடுக்கவும். சிக்கிய ஒரு பரல் போதும், பலகை முழுதும் கோலமிட்டுவிடும். முடிவில் 220 எண் தாளால் மர ரேகையின் போக்கிலேயே கையால் தேய்த்து முடிக்கவும்.

நெசவாளருக்குரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. மெத்தை மிருதுவானது, ஓரங்களை உருட்டும், ஒரே இடத்தில் நின்றால் குழி செய்யும். நாடா ஓடும் பலகையோ மட்டம் தவறலாகாது. ஆகவே மட்டத்தை இழைப்புளியால் முதலில் நிலைநாட்டி, சாண்டரை மெருகுக்கு மட்டுமே கொள்க. துணி சுற்றும் உருளை மரத்தையும் நாடாவையும் கையால் தேய்ப்பதே முறை. வளைந்த பரப்பில் தட்டை மெத்தை தட்டையையே உண்டாக்கும்.

பலகை திரும்பி வந்த காரணம்

புதிய யந்திரத்தால் தேய்த்தனுப்பிய பலகைகளும் குழித்தறிகளில் ஒரு மாதத்தில் சற்றுச் சொரசொரத்தன. நிர்வாக சபையார் மனமுடைந்தனர். காரணத்தைக் கண்டவர் மூத்த தச்சர். குழியின் ஈரம் மரத்தில் ஏறி, தேய்க்கும்போது படிந்து போன நுண்ணிய நார்களை மீண்டும் எழுப்புகிறது. யந்திரம் எதுவாயினும் இது நேரும். அதற்கு மருந்து எளியது. 180 எண் தாள் முடிந்ததும் ஈரத்துணியால் பலகையைத் துடைத்து முற்றிலும் உலரவிட வேண்டும். எழுந்த நார்களை 220 எண் தாளால் இலேசாக நீக்க வேண்டும். அதன்பின் ஈரம் பட்டாலும் நார் அவ்வளவாக எழாது. இம்முறையைக் கைக்கொண்ட பின் பலகைகள் திரும்பி வரவில்லை. மெருகைச் சோதிக்க அவர்கள் பட்டு இழை ஒன்றைப் பலகைமீது இழுத்துப் பார்க்கின்றனர். இழை தடையின்றிச் சென்றால் பலகை தேறியது.

தூளும் கூலியும்

இரண்டு விஷயங்களை வலியுறுத்தாமல் இக்கட்டுரையை முடிப்பதற்கில்லை. முதலாவது மரத்தூள். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1995இல் வெளியிட்ட தொகுப்பில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களில் ஒன்றாகச் சேர்த்துள்ளது. மூக்கின் உட்பகுதியே பெரிதும் பாதிக்கப்படுவது. சாண்டர் எழுப்பும் தூள் கைவேலைத் தூளைவிட நுண்ணியது. காற்றில் நெடுநேரம் மிதப்பது. ஆதலால் தூளை உறிஞ்சும் வசதியுள்ள யந்திரத்தையே வாங்குக. உப்புத்தாளின் துளைகள் மெத்தையின் துளைகளோடு பொருந்துமாறு ஒட்டுக. தோளில் கிடக்கும் துண்டை முகத்தில் சுற்றுவது போதாது. என்-95 முகமூடி அணிக. காதுக்கும் காப்பு வேண்டும். காற்றுக் குழாயை உடம்பின்மீது பிடித்துத் தூளை ஊதும் வழக்கம் ஆபத்தானது. அதனை அறவே விடுக. தாளை மாற்றுமுன் ஓசைக் கழற்றுக.

காற்று யந்திரம் வைத்திருப்போர் அன்றாடம் கம்ப்ரசர் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். காலையில் யந்திரத்தின் வாயிலில் அதற்குரிய எண்ணெய் சில துளிகள் இட்டு, பழைய துணியின்மீது சிறிது ஓட்டிய பின்னரே பலகையைத் தொட வேண்டும். இன்றேல் வெளிவரும் காற்றோடு எண்ணெய் தெறித்துக் கறையாகும், பாலிஷ் ஒட்டாது.

இரண்டாவது கூலி. அச்சங்கத்தில் உப்புத்தாள் தேய்த்துப் பலகைக்கு இவ்வளவு என்று கூலி பெற்றவர்கள் பெண்கள். யந்திரம் வந்ததும் கூலி குறையுமோ என்று அவர்கள் அஞ்சினர். அந்த அச்சம் நியாயமானதே. நிர்வாக சபையார் அவர்களுக்கே யந்திரத்தைப் பழக்கி, பலகைக் கூலியை ஓராண்டுக்குக் குறைப்பதில்லை எனத் தீர்மானம் நிறைவேற்றினர். யந்திரத்தின் பயனை உழைப்பவரோடு பங்கிடாத சங்கத்துக்கும் தனியார் பட்டறைக்கும் வேற்றுமை என்ன?

யந்திரம் வாங்க விழையும் சங்கங்கள் விலைப்புள்ளியோடு விவரத்தாளையும் நிர்வாக சபையின் முன் வைத்து, தொடர்ந்து ஓடினால் ஆகும் காற்றுச் செலவு, கையிலுள்ள கம்ப்ரசரின் சக்தி, மாதாந்திர மின்கட்டணம் ஆகிய மூன்றையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்கின்றோம். அன்று நாம் கையொப்பமிடுமுன் செய்யத் தவறியது அதுவே.