சில்லுக்கு வியர்க்குமா?

சென்னைக்குத் தெற்கே, பழைய மாமல்லபுரம் சாலையில் இருக்கிறது நாவலூர். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் மேல்தளத்தில், மொட்டைமாடிக்கு நேர்கீழே உங்கள் அறை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மே மாதம், பிற்பகல் மூன்று மணி. அறையின் வெப்பநிலை 38 டிகிரி செல்சியஸ். ஏ.சி. கிடையாது, மின்விசிறி மட்டுமே. உங்கள் கணிப்பொறி மெதுவாக ஓடுகிறது என்று உங்களுக்குக் குறை. "ஓவர்கிளாக் செய்துவிடு, பறக்கும்" என்கிறான் நண்பன். செய்யலாமா? கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

கணிப்பொறியின் மூளை எனப்படும் பிராசஸர் சில்லு ஒரு கடிகாரத் துடிப்புக்கு இசைந்து வேலை செய்கிறது. டிரில் மாஸ்டர் 'லெஃப்ட், ரைட்' சொல்ல, நாம் காலெடுத்து வைப்பதைப் போல. விநாடிக்கு 300 கோடித் துடிப்பு என்றால் அது 3 கிகாஹெர்ட்ஸ். தயாரித்தவர்கள் குறித்துக் கொடுத்ததைவிட வேகமாக அந்தத் துடிப்பை ஓடவிடுவதுதான் ஓவர்கிளாக்.

1998-இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ என்ற சில்லு இதில் பெயர்போனது. மதர்போர்டின் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ். சில்லு அதை நாலரை மடங்காக்கி 300-இல் ஓடும். மதர்போர்டில் 66-ஐ 100 என்று மாற்றினால்? நாலரை மடங்கு 450! கூடுதல் செலவில்லாமல் ஒன்றரை மடங்கு வேகம். பல சில்லுகள் இதற்கு இணங்கின; சில முரண்டு பிடித்தன.

ஏன் முரண்டு பிடிக்க வேண்டும்? குழாயடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்துக்கு இவ்வளவு நேரம் என்று கணக்கு. நேரத்தைக் குறைத்தால் குடம் முக்காலே நிரம்பும். சில்லுக்குள் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இப்படித்தான் மின்னூட்டத்தை நிரப்பியும் காலிசெய்தும் வேலை செய்கின்றன. நிரம்பினால் 1, காலியானால் 0. துடிப்பை விரட்டினால் அரைகுறையாக நிரம்பியது 0 என்று படிக்கப்பட்டுவிடும். கணிப்பொறி அப்படியே நின்றுபோனால் நல்லது என்பேன்; நின்றதாவது தெரியும். நிற்காமல் ஓடிக்கொண்டே தப்பான விடை கொடுத்தால்? நீங்கள் சேமித்த பிராஜெக்ட் கோப்பு பாழாகி, ஒரு மாதம் கழித்துத்தான் தெரியவரும்.

குடம் சீக்கிரம் நிரம்ப வேண்டுமானால் குழாயில் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். சில்லில் அதுவே மின்னழுத்தம். இங்கேதான் வெப்பம் வருகிறது. சில்லு செலவிடும் திறன் துடிப்பின் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடும். வர்க்கம் என்ற சொல்லைக் கவனியுங்கள்!

உங்கள் சில்லு 1.2 வோல்ட்டில் 65 வாட் எடுக்கிறது என்று கொள்வோம். வேகத்தை 20 சதவீதம் கூட்டுகிறீர்கள். அதற்காக மின்னழுத்தத்தை 1.35 ஆக்குகிறீர்கள். 1.2 மடங்கு வேகம். மின்னழுத்தத்தின் வர்க்கம் 1.27 மடங்கு, பெருக்கினால் ஏறக்குறைய 1.52. அதாவது 99 வாட். வேகம் ஒரு பங்கு கூடினால் வெப்பம் இரண்டரைப் பங்கு கூடுகிறது.

இந்த வெப்பத்தை வெளியேற்றச் சில்லின்மேல் உலோகத் தகடுகளாலான ஹீட்சிங்க்கும், அதன்மேல் ஒரு சிறு விசிறியும் உண்டு. சாதாரண ஹீட்சிங்க் ஒன்றில் வாட்டுக்கு 0.6 டிகிரி ஏறும் என்று வைத்தால், 65 வாட்டுக்கு 39 டிகிரி. 99 வாட்டுக்கு 59 டிகிரி. எதற்குமேல் 39, எதற்குமேல் 59? அறைக் காற்றின் வெப்பநிலைக்கு மேல். மார்கழிக் காலையில் 26 டிகிரி இருந்தால், ஓவர்கிளாக் செய்த சில்லு 85-இல் நிற்கும். மே மாதப் பிற்பகலில் 38-உம் 59-உம் சேர்ந்து 97! பெட்டிக்குள் அடைபட்ட காற்று அறையைவிடச் சூடு. அதையும் சேர்த்தால் 100-ஐத் தாண்டும். இக்காலச் சில்லுகள் பல 90 முதல் 100 டிகிரிக்குள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன. நீங்கள் கூட்டிய வேகத்தை வெயில் பறித்துக்கொள்கிறது. சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி பதிவானதையும் நினைவில் வையுங்கள்.

"நான் விசிறியடியில் குளுகுளுவென்று இருக்கிறேனே, சில்லுக்கு மட்டும் ஏன் போதாது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்குகிறது. ஆவியாகும் நீர் நம் உடலிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சில்லுக்கு வியர்க்காது. எத்தனை விசிறி வைத்தாலும் காற்றின் வெப்பநிலைக்குக் கீழே அது இறங்கவே இறங்காது.

அப்படியானால் ஐஸ் கட்டி வைக்கலாமா? வேண்டவே வேண்டாம். கடல் பக்கத்திலேயே இருப்பதால் நாவலூர்க் காற்றில் ஈரம் அதிகம். குளிர்ந்த தண்ணீர்ச் சொம்பின் வெளிப்புறத்தில் முத்து முத்தாக நீர் கோக்குமே, அதே நீர் மதர்போர்டின்மேல் கோக்கும். பிறகு மின்கசிவுதான். 2011-இல் ஏ.எம்.டி.யின் எஃப்.எக்ஸ். சில்லு ஒன்றைத் திரவ ஹீலியத்தால் குளிர்வித்து 8.429 கிகாஹெர்ட்ஸ் வரை ஓட்டிக் கின்னஸில் பதிந்தார்கள். அது சாதனைக்கான சில நிமிட வேலை. அன்றாட வேலைக்கு ஆகாது. பெரிய நிறுவனங்களுக்கும் இதே வெப்பம்தான் எதிரி. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும் என்று சொல்லிவந்த இன்டெல், 2004-இல் அதைக் கைவிட்டது.

இப்போது அதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். வேகத்தைத் தொடாமல் மின்னழுத்தத்தை மட்டும் 1.2-இலிருந்து 1.1-க்கு இறக்கினால், 65 வாட் ஏறத்தாழ 55 ஆகிறது. 38 டிகிரி அறையிலும் சில்லு 71-இல் நிற்கும். எல்லாச் சில்லும் இதற்கு ஒத்துவராது. ஒத்துவந்தால், வெயிலில் வேகம் குறையாமல் ஓடும். மேல்தளத்து அறைக்கு என் வாக்கு இதற்குத்தான். சிறிது சிறிதாக இறக்கி, ஒவ்வொரு முறையும் பல மணி நேரம் ஓட்டிச் சோதிக்க வேண்டும். விவரம் தெரிந்த பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குமுன் செலவில்லாத சோதனை ஒன்று. விடியற்காலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரே விளையாட்டைப் பத்து நிமிடம் ஓட்டி, சில்லின் வெப்பநிலையையும் அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இருவேளையும் ஏறக்குறைய ஒன்றாகவே வரும். மாதாமாதம் அந்த வித்தியாசம் ஏறிக்கொண்டே போனால் குற்றம் வெயிலுடையதல்ல. மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து பாருங்கள். ஹீட்சிங்க் தகடுகளுக்கிடையே சாலைத் தூசு கம்பளிபோல் அடைந்திருக்கும். விசிறி சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான தூரிகையால் தட்டி எடுங்கள்.