தேரிச் செம்மணல்: ஒளிப்படமும் நோய்தீர்க்கும் நம்பிக்கையும்

ஸ்ரீவைகுண்டம் அணையினின்று பிரியும் கால்வாய்கள் நெல்லும் வாழையும் விளைவிக்கும் பசுமையைக் கடந்து தெற்கே கடற்கரை நோக்கிச் சென்றால், நிலம் திடீரெனச் சிவக்கிறது. இச்செந்நிற மணற்குன்றுகளை மக்கள் தேரி என்பர். குதிரைமொழித் தேரியும் சாத்தான்குளம் தேரியும் இவற்றுள் பெரியவை.

தேரி மணல் பெரும்பாலும் படிகக்கல் துகளே. அதன்மேல் மெல்லிய படலமாகப் படிந்த இரும்பு ஆக்ஸைடே செந்நிறத்திற்குக் காரணம். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குப் பருவக்காற்று இம்மணலைக் குன்றுகளாகக் குவித்தது என்பது நிலவியலார் கருத்து. இங்குக் கிடைத்த நுண்கற்கருவிகள் பற்றிச் சாய்னரும் ஆல்ச்சினும் 1956இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை, தேரியில் மனித வாழ்வின் தொன்மையை உலகறியச் செய்தது.

பொருளினின்று வரும் ஒளி கண்ணை அடைவதாலேயே காட்சி பிறக்கிறது என்பதைக் 'கிதாபுல் மனாளிர்' நூலில் விளக்கியவர் இப்னுல் ஹைதம். தேரியைப் படமெடுப்போர்க்கு இவ்வுண்மை கைகொடுக்கும். உச்சிவெயிலில் குன்றுகள் தட்டையாகத் தோன்றும். காலை மாலைச் சாய்வொளியிலேயே காற்று வரைந்த மணல்வரிகள் புலப்படும். நிறச்சமன்பாட்டைக் கருவியின் தானியங்கு முறைக்கு விட்டுவிட்டால், அது செம்மையை மிகையெனக் கருதி மங்கச் செய்துவிடக்கூடும். எனவே அதனைப் பகலொளிக்கு நிலைநிறுத்துதல் நலம்.

எனினும் படத்தில் பதியாத ஒன்றும் இம்மணலில் உண்டு. தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயிலின் கள்ளர் வெட்டு விழாவில், இளநீர் வெட்டப்படும் இடத்துச் செம்மணலை மக்கள் அள்ளிச் செல்வர். அது வீட்டில் இருந்தால் நோய் அணுகாது, வயலில் இட்டால் விளைச்சல் பெருகும் என்பது அவர்தம் நம்பிக்கை.

மண்ணை நோயுடன் இணைத்துப் பார்ப்பது நமக்கும் புதிதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நோயாளிக்காகத் துஆச் செய்கையில் தம் ஊர் மண்ணைக் குறிப்பிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) வழி வரும் ஹதீஸ் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. ஆயின் அங்கே ஷிஃபா இறைவனின் நாட்டத்தைச் சார்ந்தது. மண்ணுக்குத் தனியாற்றல் கூறப்படவில்லை. இவ்வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. அதன் பொருட்டு அயலார் நம்பிக்கையை எள்ளலும் ஆகாது.

தேரி மண் அள்ளப்பட்டு வண்டியேறும் காலம் இது. குன்று மறைந்தால் அதனைச் சுற்றிய வழக்காறும் வேரிழக்கும். ஆதலின் படமெடுப்போர், உரியவர் இசைவு பெற்று, இடப்பெயரையும் அம்மண்ணைப் பற்றி ஊரார் சொல்வதையும் படத்தோடு எழுதிவைக்க வேண்டும். நிறத்தை மட்டும் காக்கும் படம் பாதிச் சான்றே.