டோக்கன் எங்கே நிற்கிறது?

பாஸ்போர்ட் சேவா மையத்துக்குள் நுழைபவரின் கைக்கு முதலில் வருவது ஒரு டோக்கன். அதை வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண் தெரிந்ததும் ஏ கவுன்ட்டர். ஆவணங்களை ஸ்கேன் செய்து, புகைப்படமும் விரல் ரேகையும் எடுப்பார்கள். மறுபடி கூடம், மறுபடி திரை. பி கவுன்ட்டரில் ஓர் அதிகாரி ஆவணங்களைச் சரிபார்ப்பார். சி கவுன்ட்டரில் இன்னொரு அதிகாரி முடிவெடுப்பார். ஒப்புகைச் சீட்டோடு ஆள் வீடு திரும்பிவிடுவார். அவருடைய விண்ணப்பம் மட்டும் போலீஸ் சரிபார்ப்பு, அச்சு, ஸ்பீடு போஸ்ட் என்று பயணத்தைத் தொடரும்.

2008-ல் பாஸ்போர்ட் சேவா திட்டத்துக்குத் தேர்வான டி.சி.எஸ். நிறுவனத்தின் ஊழியர்கள்தான் ஏ கவுன்ட்டரில் இருப்பவர்கள். பி, சி இரண்டிலும் அரசு அதிகாரிகள். ஒரே விண்ணப்பம் ஒரு தனியார் நிறுவனம், வெளியுறவுத் துறை, மாநிலக் காவல்துறை, அஞ்சல்துறை எனப் பல கைகள் மாறுகிறது. இந்தக் கைமாற்றத்தைப் படமாக வரைந்து, அந்தப் படத்தையே கணினியை இயக்க வைக்கும் வேலைக்கு மென்பொருள் நிறுவனங்களில் ‘புராசஸ் ஆட்டோமேஷன்’ என்று பெயர். வங்கிக் கடன், காப்பீட்டுக் கோரிக்கை, மருத்துவமனை பில், ஊழியரின் விடுப்பு விண்ணப்பம் எல்லாம் இதற்குள் அடங்கும். ஜாவாவும் பைத்தானும் சரளமாக எழுதும் டெவலப்பர்களுக்குக்கூட இதைத் தனியாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி பெரும்பாலும் படம் வரைவதில்தான் தொடங்கும். பி.பி.எம்.என். என்ற குறியீட்டு முறையில் மெல்லிய வட்டம் தொடக்கம், தடித்த வட்டம் முடிவு. முனை மழுங்கிய பெட்டி ஒரு வேலை. அதன் மூலையில் மனித உருவம் இருந்தால் ஆள் செய்வது, பற்சக்கரம் இருந்தால் கணினி செய்வது. சாய்சதுரம் என்றால் பாதை பிரியும் இடம். கடிகாரச் சின்னம் காத்திருப்பு, கடித உறைச் சின்னம் வெளியிலிருந்து வரும் தகவல். 2004-ல் முதல் வடிவம் கண்ட இந்த முறை, 2011-ல் வெளியான இரண்டாம் பதிப்பில் முழுமை பெற்று, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஏற்கப்பட்டது.

வேலையைப் படமாக வரையும் யோசனை கணினிக்கு முந்தையது. கொத்தனார் வேலையில் தொடங்கிப் பொறியியல் ஆலோசகரான ஃபிராங்க் கில்பிரெத், தன் மனைவி லில்லியனோடு சேர்ந்து 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தில் ‘புராசஸ் சார்ட்’ முறையை விளக்கினார். அன்றைய படம் சுவரில் தொங்கியது. இன்றைய படம் ஓடுகிறது. கமுண்டா, ஃப்ளோவபிள் போன்ற மென்பொருள் இயந்திரங்கள் வரைபடக் கோப்பையே படித்து, அதன்படி வேலையை ஒவ்வொரு கட்டமாக நகர்த்துகின்றன. படத்தில் ஒரு சாய்சதுரம் தவறினால் அலுவலகத்தில் ஒரு கோப்பு தவறும்.

அந்தத் தவறு எப்படி நேர்கிறது என்பதற்கு வீட்டுக் கடன் நல்ல உதாரணம். விண்ணப்பம் வந்ததும் வழக்கறிஞரிடம் லீகல் ஒப்பீனியன் கேட்க வேண்டும். மதிப்பீட்டாளரை அனுப்பி வீட்டின் மதிப்பையும் கணிக்க வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கலாம். ஆகவே கூட்டல் குறி போட்ட சாய்சதுரத்தில் ஒரு டோக்கன் இரண்டாகப் பிரிகிறது. ஆம், இந்தத் துறையிலும் அதற்கு டோக்கன் என்றுதான் பெயர். ஒவ்வொரு விண்ணப்பமும் படத்தில் இப்போது எங்கே நிற்கிறது என்பதைக் காட்டும் புள்ளி அது. ஜெர்மானியக் கணிதவியலாளர் கார்ல் ஆடம் பெட்ரி 1962-ல் தன் ஆய்வேட்டில் விதையிட்ட ‘பெட்ரி வலை’ வழியாக வந்த கருத்து.

பிரிந்த இரண்டு டோக்கன்களும் மறுபடி சேரும் இடத்திலும் கூட்டல் குறிதான் வேண்டும். கற்றுக்கொள்பவர் அங்கே மறதியாகப் பெருக்கல் குறி போட்டுவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கல் குறிக்கு ‘எது வந்தாலும் விடு’ என்று பொருள். வழக்கறிஞரின் கருத்து வந்ததும் முதல் டோக்கன் தாண்டிப்போய்க் கடனை அனுமதிக்கும். நான்கு நாள் கழித்து மதிப்பீடு வரும். இரண்டாவது டோக்கன் போய் அதே கடனை இன்னொரு முறை அனுமதிக்கும்.

மாற்றிப் போட்டால் நிலைமை இன்னும் வேடிக்கை. இரண்டில் ஒரு பாதையில் மட்டும் போகும்படி பெருக்கல் குறியில் பிரித்துவிட்டு, கூட்டல் குறியில் சேர்த்தால், வந்த டோக்கன் வராத டோக்கனுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். திரையில் பிழைச் செய்தி எதுவும் வராது. வாடிக்கையாளர் போன் செய்யும்போதெல்லாம் ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் மட்டும் கிடைக்கும். இதனால்தான் பயிற்சியின்போது படத்தின்மீது டோக்கனை ஓடவிட்டுப் பார்க்கும் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளைப் பலகையும் நாலைந்து நாணயங்களும் இருந்தாலும் போதும்.

குறிகளைக் கற்க இரண்டு மூன்று நாள் போதும். அதைவிடக் கடினம், டெவலப்பரின் மனத்தில் ஊறிப்போன கால அளவை மாற்றுவது. வழக்கமான நிரலில் ஒரு கேள்வி போனால் மில்லி விநாடிகளில் பதில் வரும். இங்கே போலீஸ் அறிக்கைக்கு மூன்று வாரம் ஆகலாம். அதுவரை நிரல் நினைவகத்தில் விழித்துக்கொண்டிருக்க முடியாது; நடுவில் சர்வரை எத்தனையோ முறை நிறுத்தி இயக்கியிருப்பார்கள். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் நிலையை டேட்டாபேஸில் எழுதி வைத்துவிட்டு இயந்திரம் அந்த விண்ணப்பத்தைத் தூங்கவிடுகிறது. அறிக்கை வந்ததும், தூங்கும் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் அது எதற்குரியது என்று கண்டுபிடித்து எழுப்ப வேண்டும். அதற்குத்தான் கோப்பு எண். பெயரை வைத்துத் தேடினால் என்ன ஆகும் என்பது, ஒரே இன்ஷியலோடு மூன்று முருகன்கள் இருந்த வகுப்பில் படித்தவர்களுக்குத் தெரியும்.

பின்வாங்குவதும் இங்கே வேறு மாதிரி. டேட்டாபேஸில் ஒரு வேலை பாதியில் முறிந்தால், நடந்ததை நடக்காததாக்கிவிடலாம். பத்து நாள் முன்பு வசூலித்த கட்டணத்தை அப்படி அழிக்க முடியாது. அதைத் திருப்பித் தருவது தனியாக இன்னொரு வேலை. அந்த ஈடுகட்டும் வேலைக்குப் பி.பி.எம்.என்.-இல் தனிச் சின்னம் உண்டு. பழைய டேப் ரெக்கார்டரின் ரீவைண்ட் பொத்தானைப் போலவே இருக்கும். பதில் வராத வேலையை இயந்திரம் திரும்பவும் முயலும் என்பதால், ஒரே பணம் இரண்டு முறை போகாதபடி ஒவ்வொரு வேலையையும் எழுதப் பழக வேண்டும்.

இத்தனையும் தெரிந்த பிறகும் ஒரு கேள்வி பாக்கி. வரைந்த வேலை தேவையான வேலைதானா?

இந்த இடத்தில் பயிற்றுநர்கள் அடிக்கடி எடுப்பது ஃபோர்டு கதை. 1980-களின் தொடக்கத்தில், அந்த நிறுவனத்தின் வட அமெரிக்கப் பிரிவில் சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கும் துறையில் மட்டும் ஐந்நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கணினியைக் கொண்டுவந்தால் நானூறாகக் குறைக்கலாம் என்று நிர்வாகம் கணக்குப் போட்டது. மாஸ்டா நிறுவனத்தில் எட்டிப் பார்த்தால், அதே வேலையை ஐந்து பேர் செய்துகொண்டிருந்தார்கள். மாஸ்டா சிறிய நிறுவனம்தான்; ஆனாலும் இந்த வித்தியாசத்தை அளவை வைத்து மட்டும் விளக்க முடியவில்லை. ஃபோர்டு ஊழியர்கள் கொள்முதல் ஆணை, சரக்கு வந்த சீட்டு, சப்ளையரின் பில் மூன்றையும் எதிரெதிரே வைத்து 14 விவரங்களை ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பொருந்தாதவற்றை விசாரிப்பதிலேயே நேரம் போனது. ஃபோர்டு பில்லையே ஒழித்தது. சரக்கு வந்து இறங்கும்போது டேட்டாபேஸில் உள்ள ஆணையோடு பொருந்தினால், பணம் தானாகப் போகும். ஆட்கள் 75 சதவீதம் குறைந்தார்கள். மைக்கேல் ஹேமர் 1990-ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையால் பிரபலமான கதை இது.

நானூறு பேருக்கான மென்பொருளைச் சொன்னபடி எழுதிக் கொடுத்திருந்தால் டெவலப்பரின் வேலை பிழையில்லாமல் முடிந்திருக்கும். தேவையில்லாத ஒப்பிடுதல் கணினி வேகத்தில் தொடர்ந்திருக்கும். ஆகவே நல்ல பயிற்சியில் ஒரு பகுதி நேரம் கேள்வி கேட்கப் பழகுவதற்கே போகிறது. மேலாளர் சொல்வது நடக்க வேண்டிய முறை. கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வது நடக்கும் முறை. இரண்டையும் தாண்டி மூன்றாவது சாட்சியும் உண்டு. எந்த விண்ணப்பம், என்ன வேலை, எத்தனை மணிக்கு என்று கணினியில் தானாகப் பதிவாகும் குறிப்புகளிலிருந்து உண்மையான பாதையை வரைந்து எடுக்கும் ‘புராசஸ் மைனிங்’ முறையை, நெதர்லாந்தின் வில் வான் டெர் ஆல்ஸ்ட் முன்னின்று வளர்த்தார். அந்தப் படங்கள் பெரும்பாலும் சேமியாவைக் கொட்டியதுபோல இருக்கும்.

பாஸ்போர்ட் பயணத்தையே பயிற்சிக் கணக்காகக் கொடுத்துப் பார்க்கலாம். போலீஸ் அறிக்கைக்குப் பிறகு ஒரு சாய்சதுரம். அதிலிருந்து பெரும்பாலோர் இரண்டு கோடுகள் இழுப்பார்கள்: ஆட்சேபம் இல்லை, ஆட்சேபம் உண்டு. படம் பார்க்க லட்சணமாகவும் இருக்கும். ஆனால் அறிக்கை ‘முழுமை பெறவில்லை’ என்றும் வருவதுண்டு. காவலர் போன நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது. விண்ணப்பதாரர் கல்யாணத்துக்குத் திருநெல்வேலி போயிருக்கிறார். மூன்றாவது கோடு எங்கே போய்ச் சேர வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும், யாருக்கு எஸ்.எம்.எஸ். போக வேண்டும்? ரப்பரைத் தேடத் தொடங்குவது அப்போதுதான்.