பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு பாடம்

திருப்பதி, சித்தூர் மாணவர்கள் கடலோரம் காண வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. முன்பு நெல்லூர் மாவட்டத்திலிருந்த சூலூர்பேட்டை, 2022-ல் உருவான திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. அங்கிருந்து ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை பழவேற்காடு ஏரியின் நடுவே போகிறது. குளிர்காலத்தில் பூநாரைகளைக் கூட்டங்கூட்டமாகக் காணலாம். 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோள் ஏவப்பட்டதும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்.

ஆனால் பறவையும் ராக்கெட்டும் பாதிப் பாடமே. ஏரியின் முகத்துவாரத்தை மணல் அடைத்தால் கடல்நீர் வரத்துக் குறையும். மீனும் இறாலும் குறையும். ஆந்திரம், தமிழகம் இரண்டிலும் மீனவர் வீட்டில் அடுப்பெரிவது சிரமம். சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள், மீனவர் ஒருவரிடம் மாணவர்களைப் பேசச் செய்ய வேண்டும். தமிழும் தெலுங்கும் அறிந்த நம் பிள்ளைகள் இரு கரையினர் சொல்வதையும் வகுப்புக்கு எடுத்துச் சொல்லலாமே!