ஃபாக்ஸ்குளோவ்: ஈராண்டுப் பூச்செடியின் பரம்பரை

ஜூன் மாதத்தில் பிரிட்டனின் காட்டோரங்களிலும் வேலிப்புதர்களின் அடியிலும் ஆளுயரத்துக்குப் பூந்தண்டுகள் நிமிர்ந்து நிற்கும். தண்டின் ஒரு பக்கமாகவே தொங்கும் ஊதாநிறக் குழல்பூக்கள், குழலின் உட்புறம் வெள்ளை வளையமிட்ட கரும்புள்ளிகள். இதுதான் ஃபாக்ஸ்குளோவ், தாவரவியலில் டிஜிட்டாலிஸ் பர்பூரியா. இதய நோயாளிகள் சாப்பிடும் டிஜாக்சின் மாத்திரையின் பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். அந்த மருந்து இச்செடியின் நெருங்கிய உறவான டிஜிட்டாலிஸ் லனாட்டாவிலிருந்து கிடைப்பது. வீட்டுத் தோட்டத்தில் ஃபாக்ஸ்குளோவ் வைத்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் குறைகள் இரண்டு: முதல் ஆண்டு பூக்கவே இல்லை; மறு ஆண்டு பிரமாதமாகப் பூத்தது, ஆனால் அதோடு பட்டுப்போய்விட்டது. மண் சரியில்லையோ, உரம் போதவில்லையோ, தண்ணீர் கூடிவிட்டதோ என்று காரணம் தேடுகிறார்கள். அந்தச் செடிக்கு எந்தக் குறையும் இல்லை. அதன் ஆயுளே அவ்வளவுதான். ஃபாக்ஸ்குளோவைப் பொறுத்தவரை தோட்டக்காரர் காப்பாற்ற வேண்டியது அதன் பரம்பரையை. இதைப் புரிந்துகொண்டால் விதைப்பு, களையெடுப்பு, கவாத்து எல்லாமே வேறு விதமாகிவிடும்.

விதையிலிருந்து தொடங்குவோம். அரை மில்லிமீட்டர் அளவே உள்ள விதை அது. உள்ளே சேமித்த உணவு மிகக் குறைவு. ஆழத்தில் முளைத்தால் மண்ணைத் துளைத்து மேலே வருவதற்குள் அந்த உணவு தீர்ந்துவிடும். அதனால்தான் ஒளி படாமல் அது பெரும்பாலும் முளைப்பதில்லை. காட்டு மண்ணில் புதைந்த விதைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். மரங்களை வெட்டி வெளிச்சம் விழுந்து மண்ணும் கிளறப்பட்டால் அந்த இடமெங்கும் கூட்டமாக முளைத்துவிடும். முளைத்த ஆண்டில் தரையோடு தரையாக, வட்டமாக விரிந்த மெத்தென்ற இலைக்கொத்து மட்டுமே இருக்கும். அந்த ஆண்டு முழுவதும் வேரிலும் இலையிலும் உணவு சேர்க்கிறது. பின்னர் பனிக்காலம் வருகிறது. சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் இலைக்கொத்தின் நடுவில் உள்ள குருத்து, பூந்தண்டாக மாறும் நிலையை அடைகிறது. அடுத்த கோடையில் சேர்த்ததையெல்லாம் ஒரே பூந்தண்டில் செலவழித்து, பல்லாயிரக்கணக்கான விதைகளைக் கொட்டிவிட்டுச் செடி மடிகிறது.

இந்த வரலாறு தெரியாமல் காட்டும் அக்கறைதான் இச்செடிக்குப் பெரும்பாலும் எமனாகிறது. விதையை மற்ற விதைகளைப்போல மண்ணிட்டு மூடினால் முளைக்காது. ஈரமான நாற்றங்கால் மண்ணின் மேலே தூவி லேசாக அழுத்திவிட்டால் போதும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் விதை அடித்துச் செல்லப்படும். தட்டில் நீர் நிறுத்தி, தொட்டியை அதில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விட வேண்டும். பிரிட்டனின் பருவத்தில் மே முதல் ஜூலைக்குள் விதைத்து, இலையுதிர்காலத்தில் நாற்றுகளை ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவார்கள். அரைநிழல், இலைமக்கு கலந்த மண், காயாத ஈரம் இருந்தால் நிறைவாக வளரும். நீர் தேங்கும் களிமண்தான் ஆகாது, குளிர்காலத்தில் நடுக்குருத்து அழுகிவிடும். உரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. காட்டின் ஏழை மண்ணில் பழகிய செடி இது. களையெடுக்கும்போதுதான் கவனம் தேவை. சாம்பல்பச்சை நிறத்தில் மென்மயிர் போர்த்திய இளங்கன்றுகளைக் களை என்று பிடுங்கிப் போடுவதே, தோட்டத்தில் ஃபாக்ஸ்குளோவ் அற்றுப்போவதற்கு முக்கியக் காரணம். பூ முடிந்த தண்டை உடனே வெட்டினால் பக்கத் தண்டுகள் கிளைத்துச் சிறிய பூக்கள் வரும். ஆனால் எல்லாத் தண்டையும் வெட்டிவிட்டால் விதை ஏது? ஒன்றிரண்டையாவது காய் பழுப்பாகி வெடிக்கும்வரை விட்டுவைக்க வேண்டும்.

ஒன்றிரண்டு செடிகளே போதாதா என்று கேட்கலாம். பூவின் அமைப்பே இதற்குப் பதில் சொல்கிறது. தண்டில் பூக்கள் கீழிருந்து மேலாக மலர்கின்றன. ஒவ்வொரு பூவும் முதலில் மகரந்தத்தை உதிர்த்து, பிறகே சூல்முடியை ஏற்புநிலைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே எந்த நேரத்திலும் கீழ்ப்பூக்கள் பெண் நிலையிலும் மேல்பூக்கள் ஆண் நிலையிலும் இருக்கும். உடல் பருத்த, மயிரடர்ந்த பம்பிள்பீ தேனீக்கள் தேன் மிகுந்த கீழ்ப்பூவில் தொடங்கி மேலேறுகின்றன. உச்சியில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு அடுத்த செடியின் அடிப்பூவுக்குப் பறக்கின்றன. அயல்மகரந்தச் சேர்க்கைக்கு இதைவிட நேர்த்தியான ஏற்பாடு வேறு எங்கே கிடைக்கும்! இதன் பயனைச் சார்லஸ் டார்வின் சோதித்துப் பார்த்தார். பூச்சி அணுகாதபடி வலையிட்டு மூடிய செடியில் காய்ப்பு குறைந்தது. வேறு செடியின் மகரந்தத்தால் பிறந்த கன்றுகள், தன் மகரந்தத்தால் பிறந்தவற்றைவிட உயரமாக வளர்ந்து கூடுதலாகப் பூந்தண்டு விட்டன. 1876இல் வெளிவந்த அவருடைய நூலில் இது பதிவாகியிருக்கிறது. தனியாக நிற்கும் செடியாலும் விதை கொடுக்க முடியும். ஆனால் வலுவான வாரிசுகள் வேண்டுமென்றால் ஒரே கோடையில் பல செடிகள் சேர்ந்து பூக்க வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருப்பானேன், ஃபாக்ஸி போன்று முதல் ஆண்டிலேயே பூக்கும் ரகங்கள் கடையில் கிடைக்கின்றனவே என்பது நியாயமான கேள்வி. கிடைக்கின்றன, அவசரத்துக்கு உதவும். மஞ்சள் பூ பூத்துப் பல ஆண்டு வாழும் டிஜிட்டாலிஸ் கிராண்டிஃப்ளோரா என்ற வகையும் உண்டு. ஆனால் இளவேனிலிலேயே விதைத்து அதே கோடையில் பூக்க வைத்த செடி, ஓராண்டு முழுக்கச் சேமித்து எழும்பிய தண்டின் உயரத்தை எட்டுவதில்லை. தானாக விதை விழுந்தால் ரகத்தின் நிறம் கெட்டுவிடும் என்பது இன்னொரு மறுப்பு. அது உண்மைதான், தேனீ ரகம் பார்ப்பதில்லை, வெள்ளைச் செடிகள் நாளடைவில் ஊதா வாரிசுகளைத் தரும். இதற்கு எளிய வழி உண்டு. இளங்கன்றின் இலைக்காம்பில் ஊதாச்சாயல் துளியும் இல்லையென்றால் அது வெள்ளைப் பூ தரும் செடி. மற்றவற்றை அப்போதே நீக்கிவிடலாம். பரம்பரை மாறத்தான் செய்யும். இச்செடி 19ஆம் நூற்றாண்டில் கோஸ்டா ரிகா, கொலம்பியா மலைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே தானாகப் பரவிவிட்டது. அங்கே ஹம்மிங்பேர்டு பறவைகளும் அதன் தேனை நாடுகின்றன. ஏறத்தாழ 200 ஆண்டுகளுக்குள் அங்குள்ள செடிகளின் பூக்குழல் அடிப்பகுதியில் நீண்டுவிட்டதை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. வேற்று நாடுகளில் காட்டுநிலத்தை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதைத்தண்டுகளைக் கட்டாயம் வெட்டிவிட வேண்டும் என்பதற்கும் இதுவே சாட்சி.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு, இது நச்சுச்செடி என்பது. இலை, பூ, விதை, வேர் என்று எல்லாப் பகுதியிலும் நஞ்சு உண்டு. இதயத் தசைச் செல்களில் சோடியத்தை வெளியேற்றும் நுண்பம்பை அது தடுக்கிறது. அதனால் செல்லுக்குள் கால்சியம் கூடி, இதயம் வலுவாகச் சுருங்குகிறது, துடிப்பும் மெதுவாகிறது. அளவு மீறினால் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகும். 1775இல் இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங், ஷ்ராப்ஷயரைச் சேர்ந்த ஒரு மூதாட்டியின் இரகசியக் கைமருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டார். உடலில் நீர் கோத்து வீங்கும் நோய்க்கு அவர் கொடுத்த அந்த மருந்தில் இருபதுக்கும் மேற்பட்ட மூலிகைகள் இருந்தன. அவற்றில் வேலை செய்வது ஃபாக்ஸ்குளோவே என்று கண்டுபிடித்து, 10 ஆண்டுகள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, வெற்றியோடு தோல்விகளையும் சேர்த்து 1785இல் நூலாக வெளியிட்டார். இலையின் வீரியம் பருவத்துக்குப் பருவம் மாறுவதைக் கண்டு, செடி பூக்கும் காலத்திலேயே இலை பறிக்க வேண்டும் என்று அவர் வரையறுத்தார். ஆபத்தும் பருவத்தைப் பொறுத்ததுதான். பூத்து நிற்கும் ஃபாக்ஸ்குளோவை யாரும் தவறாக அடையாளம் காண மாட்டார்கள். பூவில்லாத முதலாண்டு இலையைக் காம்ஃப்ரி மூலிகை என்று நினைத்துத் தேநீர் வைத்துக் குடித்தவர்கள் உண்டு. ஆகவே கீரைப் பாத்தி, மூலிகைப் பாத்தி அருகில் இதை நடவே கூடாது. விழும் விதை அங்கே போய் முளைக்காத தூரத்தில் இருக்க வேண்டும். கையுறை அணிந்து வேலை செய்து கையைக் கழுவ வேண்டும். இலையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளோ கால்நடையோ உள்ள வீட்டில் இதை வளர்க்காமல் இருப்பதே சரி. மற்றவர்கள் எச்சரிக்கையோடு வளர்க்கலாம். அரளி வளர்க்கும் நமக்கு இந்த எச்சரிக்கை புதிதல்ல. அரளியிலும் இதே வகை இதய நஞ்சுதான் இருக்கிறது.

தமிழ்நாட்டின் சமவெளியில் இதற்கு வேண்டிய குளிர் கிடைக்காது. இணையத்தில் விற்கும் விதையைச் சென்னையிலோ மதுரையிலோ வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம். லண்டனைப் போன்ற குளிர்ப்பகுதிகளில் தோட்டம் வைத்திருப்பவர்கள் விதைப் பொட்டலத்தை ஒரே ஆண்டில் தீர்த்துவிடாமல், பாதியை இந்த ஆண்டும் மீதியை அடுத்த ஆண்டும் தூவுங்கள். ஒரு தலைமுறை இலைவிடும்போது இன்னொன்று பூக்கும். மூன்றாம் ஆண்டு முதல் நீங்கள் விதைக்காமலே ஒவ்வொரு ஜூனிலும் பூ கிடைக்கும்.