கண்ணீரும் நம்பிக்கையும்

நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். அன்று நாம் கல்லறைகளைத் துப்புரவு செய்து, மலர் தூவி, மெழுகுவர்த்தி ஏற்றி, இறந்தோருக்காகச் செபிக்கிறோம். க்ளூனி மடத்து அதிபர் புனித ஓடிலோ ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தம் மடங்களில் தொடங்கிய இவ்வழக்கம், பின்னர் திருச்சபை எங்கும் பரவியது.

அன்று கல்லறையருகே நின்று அழுவோரிடம், "மோட்சத்துக்குப் போனவருக்காக அழலாமா? உனக்கு விசுவாசம் இல்லையா?" என்று சிலர் கேட்பதுண்டு. கிறிஸ்தவ நம்பிக்கை கண்ணீரைத் தடை செய்கிறதா?

இல்லை. லாசரை உயிர்ப்பிக்கப் போவதை அறிந்திருந்தும், நம் ஆண்டவர் அவருடைய கல்லறைக்குச் செல்லும்போது கண்ணீர் விட்டார். புனித சின்னப்பரும் தெசலோனிக்கருக்கு எழுதுகையில், துயரப்படவே கூடாது என்று கட்டளையிடவில்லை. நம்பிக்கை இல்லாதவரைப்போல் துயரப்பட வேண்டாம் என்றே அறிவுறுத்தினார்.

புனித அகுஸ்தீனாரின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது. அவருடைய தாய் புனித மோனிக்கா 387-ஆம் ஆண்டு, தம் 56-ஆம் வயதில், இத்தாலியில் ஓஸ்தியா நகரில் காலமானார். சொந்த ஊரோ ஆப்பிரிக்காவில். "என் உடலை எங்கு வேண்டுமானாலும் அடக்குங்கள்; பீடத்தண்டை என்னை நினைத்துக்கொள்ளுங்கள்" என்பதே அந்தத் தாய் பிள்ளைகளிடம் கேட்டதன் கருத்து. விசுவாசிக்கு அழுகை தகாது என்று எண்ணிய அகுஸ்தீனார், அடக்கத்தின்போதும் கண்ணீரை அடக்கிக்கொண்டார். உறங்கி விழித்த பின்னரோ, தாயின் அன்பை நினைத்து, இறைவன் திருமுன் மனம்விட்டு அழுதார். அந்த அழுகை செபமாயிற்று. இதைத் தம் நூலில் மறைக்காமல் எழுதி, படிப்போர் தம் பெற்றோரைப் பீடத்தில் நினைக்குமாறும் வேண்டினார்.

ஆகவே நம்பிக்கை என்பது துயரம் இல்லாத நிலை அன்று. அன்பு இருந்த இடத்தில் பிரிவு வலிக்கத்தான் செய்யும். பிரிவே முடிவு என்று எண்ணுவது அவநம்பிக்கை. மீண்டும் காண்போம் என்று அழுதுகொண்டே செபிப்பதே நம்பிக்கை. முதல் உலகப் போரில் எண்ணற்ற குடும்பங்கள் கதறியபோது, பாப்பரசர் பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் 1915-இல், இத்திருநாளில் குருக்கள் ஒவ்வொருவரும் மூன்று திருப்பலி ஒப்புக்கொடுக்க அனுமதி அளித்தார். துயருற்ற மக்களைத் திருச்சபை பீடத்தண்டை அழைத்தது.

தாயையோ தந்தையையோ இழந்த தோழி ஒருத்தி நம் வகுப்புக்குத் திரும்பி வரும்போது, "அழாதே" என்று சொல்ல விரைய வேண்டாம். அவளருகில் அமர்வோம். அவள் பேசினால் கேட்போம். இறந்தவரின் பெயரைக் கேட்டறிந்து, அன்று மாலைச் செபத்தில் நம் வீட்டாரோடு சேர்ந்து அப்பெயரையும் சொல்வோம்.